‘சொந்த விருப்பம்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்: உடல் குறைபாட்டைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தினால்

என் பெரிய அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வீடு திரும்பிய பதினைந்தாம் நாள், அவர் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்த அரசு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். நலம் விசாரித்தார்கள். கிளம்பும்போது தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, “இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கண்ணே, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும்” என்றார்கள். “உடல்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் ஓய்வு பெறுகிறேன்” என்று அதில் இருந்தது. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேனா எடுத்துக் கொடுத்தது நான்தான்.

காலை இழந்ததற்காக அவரை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமே இல்லை என்று எங்களுக்குத் தெரிய வந்தபோது இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சட்டமும் அப்படித்தான், டெல்லியில் திறந்து ஆண்டுகள் ஆகியும் நம் வாய்க்காலுக்கு இன்னும் சரியாக வரவில்லை. அதன் பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று இதே நிலையில் இருந்த சிலரோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டேன். அந்த இரண்டு வாரத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பேனாவைக் கீழே வையுங்கள்

உங்களிடம் நீட்டப்படும் தாள் மூன்று வகையில் ஒன்றாக இருக்கும். ராஜினாமாக் கடிதம், விருப்ப ஓய்வு விண்ணப்பம், அல்லது “என்னால் இனி எந்த வேலையும் செய்ய இயலாது” என்று நீங்களே சொல்வது போன்ற வாக்குமூலம். மூன்றாவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அதைப் பெரும்பாலும் ‘பையனுக்கு வேலை போட்டுத் தருகிறோம்’ என்ற பேச்சோடு சேர்த்துத்தான் கொண்டுவருவார்கள். வயதுக்கு வந்த பிள்ளை சும்மா இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சை மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மறுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன வேலை வராமல் போகலாம். எழுதிக் கொடுத்த தாள் மட்டும் கோப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

வந்தவர்களோடு சண்டை போட வேண்டாம். “வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன், தாளை வைத்துவிட்டுப் போங்கள்” என்று சொன்னால் போதும். அந்தத் தாள் உங்கள் கையில் இருப்பதே பின்னால் ஒரு சாட்சி.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? இன்றைக்கே, “____ தேதியிட்ட என் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மாற்றுப் பணி கோருகிறேன்” என்று எழுதி அனுப்புங்கள். ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ நடப்புக்கு வருவதற்கு முன்னால் அதைத் திரும்பப் பெறலாம் என்பதை உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

உங்கள் முதலாளி யார்?

இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஓர் அடி கூட நகர முடியாது. ஏனென்றால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் மிக வலுவான பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. இந்தச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 20(4) பிரிவு சொல்வது இது: பணிக்காலத்தில் உடல் குறைபாடு அடைந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாதென்றால் அதே சம்பள விகிதத்தோடும் அதே பணிப்பயன்களோடும் வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் எதுவுமே இல்லையா? அப்போதும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, அவருக்கென்று ஒரு மிகைப் பணியிடத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்தில் ‘சூப்பர்நியூமரரி போஸ்ட்’ என்பார்கள். அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீங்கள் அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

‘அரசு நிறுவனம்’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள் அகலமானது. அரசுத் துறைகள் மட்டுமல்ல, போக்குவரத்துக் கழகம், மின்வாரியம், நெல் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகம், நகராட்சி, ஊராட்சி, பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல், ஓஎன்ஜிசி எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளியும் கல்லூரியும் கூட அடங்கும் என்பதைப் பல ஆசிரியர்களே அறிந்திருக்கவில்லை. கூட்டுறவு நிறுவனமென்றால், அதில் அரசின் கட்டுப்பாடும் நிதியுதவியும் எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே மூன்று தவறான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, “டூட்டியில் நடந்த விபத்தாக இருந்தால்தான் செல்லும்” என்பது. பிரிவு காரணத்தைக் கேட்கவில்லை. வேலையில் அடிபட்டாலும், கல்யாணத்துக்குப் போகும் வழியில் புறவழிச்சாலையில் விழுந்தாலும், பக்கவாதமோ சர்க்கரையோ காரணமானாலும், பணிக்காலத்தில் வந்த குறைபாடு என்பதே போதும். இரண்டாவது, “நாற்பது சதவீதம் இருந்தால்தான்” என்பது. நாற்பது சதவீதக் கணக்கு இடஒதுக்கீட்டுக்கும் நலத்திட்டங்களுக்கும் வைத்தது. 20(4) பிரிவில் அந்த எண்ணே இல்லை. மூன்றாவது, கைகால் மட்டும்தான் குறைபாடு என்ற நினைப்பு. சட்டத்தின் அட்டவணையில் 21 வகை இருக்கின்றன. பார்வைக் குறைவு, காது கேளாமை, மனநோய், பார்க்கின்சன் நோய், குணமான தொழுநோய் எல்லாம் அதில் உண்டு.

பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவிலும் இதே பாதுகாப்பு இருந்தது. காலை இழந்த ஒரு காவலருக்காக 2003-இல் குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கட்டாயமானது என்று சொன்னது. அவருக்கு இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாகிவிட்டது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில், நிறப்பார்வைக் குறைபாட்டுக்காக வெளியே அனுப்பப்பட்ட தெலங்கானா போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவரின் வழக்கிலும், மாற்றுப் பணி தேடிப் பார்க்காமல் அனுப்பியது தவறு என்று தீர்ப்பு வந்தது. நம் ஊர் பணிமனைகளில் ‘மெடிக்கல் அன்ஃபிட்’ என்ற சொல்லோடு கதை முடிந்துவிடுவதாக நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு அப்புறம்தான் நிறுவனத்தின் கடமையே தொடங்குகிறது.

தாள்களைச் சேர்த்தல், விடுப்புக் கடிதம்

பணி நியமன ஆணை, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவக் குழுவின் அறிக்கை, இதுவரை வந்த மெமோக்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம் பக்கம் கூரையோடு சேர்ந்து பெட்டியும் தாள்களும் போன குடும்பங்கள் உண்டு.

இவற்றை விட முக்கியமானது விடுப்புக் கடிதம். குறைபாட்டைக் காரணம் காட்டி நீக்கினால் சட்டம் குறுக்கே நிற்கும் என்று தெரிந்த நிர்வாகம் வேறு வழியில் வரும். “தகவல் இல்லாமல் நீண்ட நாள் வேலைக்கு வரவில்லை” என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பும். வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், தபால்காரர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போவார், தபால் திரும்பிப் போகும், விசாரணை ஒருதலையாக முடியும். உடம்பு முடியாமல் இருந்தவர் ‘வேலையைக் கைவிட்டவர்’ ஆகிவிடுவார். மனநோயோடு போராடுபவர்களுக்கு இது இன்னும் கொடுமையாக நடக்கிறது, அவர்களால் கடிதம் எழுதும் நிலையே இருக்காது.

ஆகவே வீட்டில் ஒருவர் இந்த ஒரு வேலையை மட்டும் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவச் சான்று முடியும் தேதிக்கு முன்பே அடுத்த சான்றை வாங்கி, விடுப்பு நீட்டிப்புக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம், விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். எந்த மெமோ வந்தாலும் பதில் எழுதாமல் விடாதீர்கள். நான்கு வரி போதும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள், நாடு முழுவதும் செல்லும் யூடிஐடி என்ற அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போனால் முகாம் நாளையும் மருத்துவக் குழு உட்காரும் நாளையும் சொல்வார்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பர் முதல் தனி மாவட்டம், ஆகவே அந்தப் பக்கத்தவர்கள் நாகைக்கு அலைய வேண்டாம்.

அரசு நிறுவன ஊழியருக்கு இன்னொரு கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். உங்கள் பணிப்பதிவேட்டின் நகலையும் மருத்துவக் குழு அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அதோடு, உங்கள் சம்பள விகிதத்தில் உட்கார்ந்து பார்க்கும் பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி, இதற்கு முன் எத்தனை பேருக்கு மாற்றுப் பணி தரப்பட்டது என்றும் கேளுங்கள். “மாற்றுப் பணி காலியாக இல்லை” என்ற பதிலை அவர்கள் கையெழுத்தாலேயே மறுக்க இது உதவும்.

மாற்றுப் பணி கேட்டு எழுதும் கடிதம்

நீக்கல் ஆணை வரும் வரை காத்திருக்க வேண்டாம். கேட்டவருக்கு மறுத்தார்கள் என்பது வழக்கில் ஒரு நிலை, கேட்கவே இல்லை என்பது வேறு நிலை. ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

“நான் ____ ஆண்டு முதல் தங்கள் நிறுவனத்தில் ____ ஆகப் பணிபுரிந்து வருகிறேன். ____ தேதியில் ஏற்பட்ட ____ காரணமாக எனக்கு உடல் குறைபாடு ஏற்பட்டுள்ளது. மருத்துவச் சான்றுகள் இணைக்கப்பட்டுள்ளன. என் தற்போதைய பணியைத் தொடர இயலாத நிலையில், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-இன்படி அதே சம்பள விகிதத்திலும் பணிப்பயன்களோடும் மாற்றுப் பணி வழங்குமாறும், உடனடியாக இடம் இல்லையெனில் மிகைப் பணியிடத்தில் வைத்து ஊதியம் வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். ____, ____ ஆகிய வேலைகளை என்னால் செய்ய இயலும்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஓட்டுநராக இருந்தவர் நேரக் காப்பாளர் வேலையோ, டோக்கன் கொடுக்கும் வேலையோ, பதிவேடு எழுதும் வேலையோ செய்ய முடியுமென்றால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய வேலையிலேயே தொடர முடியும், சாய்தளமோ உயரமான நாற்காலியோ கீழ்த்தளத்தில் இடமோ தந்தால் போதும் என்றால் அதைக் கேளுங்கள். அப்படிப்பட்ட வசதியைச் செய்து தருவதும் சட்டப்படி அவர்கள் கடமை.

எங்கே, எந்த வரிசையில்

அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் 23-ஆம் பிரிவின்படி ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான மாற்றுத்திறனாளிகள் குழுவிடம் போகலாம். இதற்கிடையே திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுத்து வரிசை எண் வாங்கி வையுங்கள், செலவில்லாத பதிவு அது.

அடுத்து சென்னையில் இருக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மத்திய அரசு நிறுவனமென்றால் டெல்லியில் இருக்கும் தலைமை ஆணையர். வழக்கறிஞர் இல்லாமலே மனு அனுப்பலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் செய்யும் பரிந்துரை மீது நிறுவனம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆனால் அது பரிந்துரைதான் என்பதை மறக்க வேண்டாம். நீக்கல் ஆணையை உடனே தடுத்து நிறுத்த வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. ரயில்வே ஊழியர்கள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

உயர் நீதிமன்றம் என்றதும் நம் பக்கத்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். தஞ்சாவூர் மாவட்டத்தவர்களுக்கு, கும்பகோணமும் பட்டுக்கோட்டையும் சேர்த்து, மதுரைக் கிளை. திருச்சிக்கும் அதுதான். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்குச் சென்னை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளி எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உயர் நீதிமன்ற வழக்குக்கு அங்கேயே தனிக் குழு இருக்கிறது.

தனியாரில் வேலை பார்த்தவர்கள்

அரிசி ஆலை, ஜவுளிக்கடை, தனியார் பள்ளி, நிதி நிறுவனம் போன்ற இடங்களுக்கு 20(4) பிரிவு நேரடியாகப் பொருந்தாது. இதை மறைத்து நம்பிக்கை ஊட்டுவது சரியல்ல. ஆனாலும் கைவிரித்துவிட வேண்டியதில்லை.

குறைபாட்டைக் காரணமாக வைத்து யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. சமவாய்ப்புக் கொள்கை ஒன்றைத் தனியார் நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. ஆகவே முதலில் மேலே சொன்ன கடிதத்தையே பிரிவு எண்ணை மாற்றி முதலாளிக்கு எழுதுங்கள். மறுத்தால் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். நாலு பேர் பார்க்க உடல் குறையைச் சொல்லி அவமானப்படுத்தினால் அது 92-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

வேலை போன விஷயத்தில் உடனே பலன் தரக்கூடியவை தொழிலாளர் சட்டங்கள்தான். கடை, நிறுவன ஊழியராக ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான் கெடு. ஆற அமர உட்கார்ந்து அழுது முடிப்பதற்குள் இந்த முப்பது நாள் போய்விடுகிறது.

ஆலைத் தொழிலாளி என்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். நாற்பத்தைந்து நாளில் தீரவில்லையென்றால் நீங்களே நேரடியாக வழக்குப் போடலாம். இதற்குப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு கெடு இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அதை இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போனவர்கள் ஒப்பந்தக்காரருக்கும், வேலை நடந்த நிறுவனத்துக்கும் சேர்த்தே எழுத வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் மற்றவரைக் கை காட்டிவிடுவார்.

பணம் வந்தால்

பணம் வேண்டாம் என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் ‘முழுமையும் இறுதியும்’ என்று அச்சடித்த ரசீதில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே, “மீண்டும் பணி கோரும் என் உரிமைக்குக் குந்தகமின்றி, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று சொந்தக் கையால் எழுதுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து ஆண்டு வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் நம்ப வேண்டாம். உடல் குறைபாட்டால் வேலை முடிந்தால் அந்த ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய இயலாமல் போனவருக்கு வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியத் திட்டத்திலும் பத்து ஆண்டுக் கணக்கு இல்லாமல் ஓய்வூதியம் உண்டு. வேலையில் அடிபட்டவர்களின் இழப்பீடு தனிக் கணக்கு, வேலையைத் திரும்பக் கேட்பதோடு அதையும் சேர்த்தே கேட்கலாம்.

ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள்

எங்களைப் போல. முழுப் பார்வையும் இழந்த மின்வாரியத் தொழிலாளி ஒருவர், தன் உரிமை என்னவென்று தெரியாமல், ஓய்வு கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மனைவிக்கு வேலை தாருங்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைக் காட்டியே அவரை வெளியே அனுப்பினார்கள். பகவான் தாஸ் எதிர் பஞ்சாப் மாநில மின்வாரியம் என்ற அந்த வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் தரும் பாதுகாப்பை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை, தெரியாமல் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

ஆகவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த நிலையில் எழுதினீர்கள், தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தது யார், அப்போது என்ன மருந்து எடுத்துக்கொண்டிருந்தீர்கள், 20(4) பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா என்று தேதி வாரியாக எழுதி, பக்கத்தில் இருந்தவரின் பெயரையும் சேருங்கள். அண்ணனுக்காக நாங்கள் கொடுத்த மனுவில் பகவான் தாஸ் தீர்ப்பு முதல் பத்தியில் இருக்கிறது. அதற்கு அடுத்த பத்தியில், பேனா எடுத்துக் கொடுத்தவன் என்று என் பெயர் இருக்கிறது. மனு விசாரணையில் இருக்கிறது.